உங்கள் சிவப்பு எது? டெல்டாவில் வண்ண மண்பொம்மை செய்ய மூன்று வழிகள்

என் வேலைக்கூடத்துச் சன்னல் மேடையில் மூன்று எருமைகள் நிற்கின்றன. மூன்றும் நீல எருமைகள். ஒவ்வொன்றின் முதுகிலும் ஒரு வெள்ளைக் கொக்கு, கொக்கின் இறக்கை இடுக்கில் ஒரு சிவப்புக் குடை. குடவாசல் பக்கம் மழைநாளில் பஸ்ஸிலிருந்து பார்த்த காட்சி அது. குடையை மட்டும் நான் சேர்த்துக்கொண்டேன். மூன்றையும் செய்தது ஒரே கை. முதல் எருமை, மண்பாண்டம் செய்யும் வேளார் வீட்டு நாட்டுச் சூளையில் வெந்து, பிறகு பெயின்ட் பூசிக்கொண்டது. இரண்டாவது மின்சூளையில் 1,040 டிகிரி செல்சியஸில் கிளேஸ் என்னும் கண்ணாடிப் பூச்சு உருகிப் பளபளத்தது. மூன்றாவது புதுச்சேரியில் தெரிந்தவர் ஒருவரின் எரிவாயுச் சூளையில் 1,280 டிகிரி வரை போய்த் திரும்பியது.

நீலம் மூன்றிலும் நீலமாகவே இருக்கிறது. குடையைத்தான் பார்க்க வேண்டும். முதலாவதில் குங்குமச் சிவப்பு. இரண்டாவதில் பழுத்த தக்காளி. மூன்றாவதில் துருப்பிடித்த தாழ்ப்பாள்.

மன்னார்குடியிலிருந்து ஒரு பள்ளி ஆசிரியை, மயிலாடுதுறையிலிருந்து பொறியியல் படித்த ஓர் இளைஞர், தஞ்சாவூரில் வீட்டு மாடியைப் பட்டறையாக்க நினைக்கும் தம்பதி என்று பலரும் ஒரே கேள்வியைத்தான் கேட்கிறார்கள்: "வேடிக்கையான வண்ணப் பொம்மைகள் செய்ய ஆசை. பெயின்ட் அடிப்பதா, கிளேஸ் போடுவதா, நேராகப் பெருஞ்சூட்டில் கல்லாக இறுகும் ஸ்டோன்வேருக்குப் போய்விடுவதா?" பெரும்பாலோர் சூளையின் விலையிலிருந்து யோசிக்கிறார்கள். நான் அந்தக் குடையிலிருந்து யோசிக்கச் சொல்வேன்.

## எதை வைத்து எடைபோடுவது

முதல் அளவுகோல் நிறம். மண்பொம்மைக்கு நிறம் இரண்டு விதமாக வரும். சுட்டு முடித்த பிறகு மேலே பூசுவது ஒன்று, தீக்குள்ளேயே பிறப்பது மற்றொன்று. பூசும் நிறத்துக்கு எல்லை இல்லை. கடையில் இருப்பதெல்லாம் உங்களுடையது. தீயில் பிறக்கும் நிறம் உலோகங்களிலிருந்து வருகிறது. கோபால்ட் நீலம் தரும், செம்பு பச்சை தரும், மாங்கனீசு கத்தரிப்பூ நிறம் தரும், இரும்பு தேன் நிறத்திலிருந்து கருப்பு வரை தரும். சூடு ஏற ஏற இவற்றில் பல வாடும், சில வேறொன்றாக மாறும். கோபால்ட் எந்தச் சூட்டையும் பொறுக்கும். முதலில் கைவிடுபவை சிவப்பும் ஆரஞ்சும்தான். மிளகாய்ப்பழச் சிவப்பு இல்லாமல் உங்கள் பொம்மைக்கு உயிர் வராது என்றால், பாதி முடிவு அங்கேயே ஆகிவிட்டது.

இரண்டாவது, பொம்மை எங்கே வாழப்போகிறது என்பது. கொலுப்படியில் பத்து நாள் இருந்துவிட்டு ஆண்டு முழுவதும் பரணில் உறங்குகிற பொம்மை வேறு, தெற்குச் சன்னலில் நாள்தோறும் வெயில் வாங்குகிற பொம்மை வேறு, கிணற்றடித் துளசி மாடத்தில் மழையில் நனைகிற பொம்மை வேறு. 'அலங்காரப் பொருள்' என்று சொல்லி விற்ற கிண்ணத்தில் யாரோ ஒருவர் கட்டாயம் ஊறுகாய் போடுவார். அதையும் சேர்த்தே யோசிக்க வேண்டும்.

மூன்றாவது மண். காவிரி கொண்டுவந்து கொட்டிய வண்டலும் களியும் நம் காலடியில் இருக்கின்றன. இரும்பு மிகுந்த இந்த மண் வெந்தால் சிவக்கும். கைக்கு இணக்கமானது, விலையும் குறைவு. ஆனால் இது ஏறக்குறைய 1,100 டிகிரிக்கு மேல் நிற்காது. உப்பி, வளைந்து, பிறகு உருகும். மூன்று வழிகளில் இரண்டு இந்த மண்ணோடு நடக்கும். மூன்றாவது வழிக்கு மண்ணையே வெளியிலிருந்து வரவழைக்க வேண்டும்.

நான்காவது, பருவமும் மின்சாரமும். அக்டோபர் முதல் டிசம்பர் வரை வடகிழக்குப் பருவமழை. ஐப்பசி, கார்த்திகையில் காற்றே ஈரமாக இருக்கும். விரல் கனமுள்ள பொம்மை இரண்டு வாரம் ஆனாலும் உள்ளே காயாது. உள்ளே சிக்கிய நீர் 100 டிகிரியில் ஆவியாகி, பொம்மையைச் சூளைக்குள்ளேயே உடைத்துத் தள்ளும். புயல் ஆண்டுகளில் மின்சாரமும் போய்விடும். 2018 நவம்பர் 16 அன்று கஜா கரையைக் கடந்த பிறகு நாகை, திருவாரூர் மாவட்டங்களின் பல ஊர்கள் வாரக்கணக்கில் இருட்டில் கிடந்ததை இங்கே யாருக்கும் நினைவுபடுத்த வேண்டியதில்லை.

பணத்தைக் கடைசியாக வைக்கிறேன். அதிலும் சூளை விலையை மட்டும் பார்க்காதீர்கள். பத்து பொம்மை செய்தால் எத்தனை விற்பனைக்குத் தேறும் என்பதுதான் உண்மையான விலை.

## முதல் வழி: சுடுமண்ணும் பெயின்ட்டும்

நம் ஊரின் பழைய வழி இது. தஞ்சாவூர்த் தலையாட்டி பொம்மை இந்த மரபில் வந்தது: அடி கனத்து உருண்டிருக்கும், மேலே வண்ணப்பூச்சு. அதற்கு 2008-09இல் புவிசார் குறியீடு கிடைத்திருக்கிறது. அதனால் உங்கள் கற்பனையில் செய்கிற ஆடும் பொம்மைக்கு அந்தப் பெயரைச் சூட்டி விற்காதீர்கள். உங்கள் பொம்மைக்கு உங்கள் பெயரே போதும்.

இந்த வழியில் சொந்தச் சூளை வேண்டாம். கும்பகோணம், மயிலாடுதுறை, திருவாரூர்ப் பக்கத்துக் கிராமங்களில் இன்றும் சூளை போடுகிற வேளார் குடும்பங்கள் இருக்கின்றன. பானைகளுக்கு இடையே உங்கள் பொம்மைகளை அடுக்கி, விறகும் தென்னை மட்டையும் வைக்கோலும் வைத்து, மேலே சேறு பூசி மூடிவிடுவார்கள். சூடு பொதுவாக 700 முதல் 900 டிகிரிக்குள் இருக்கும். ஒரே சூளையில் ஒரு மூலை வெளுப்பாகவும் ஒரு மூலை கருத்தும் வேகும். மேலே பெயின்ட் வரப்போவதால் அது குறையில்லை.

மண்ணையும் அவர்களிடமே வாங்குங்கள், கேட்ட விலையைக் கொடுத்து வாங்குங்கள். குளம் வற்றிய சித்திரை, வைகாசியில் வட்டாட்சியர் அனுமதி பெற்று எடுத்து, ஊறவைத்து, மிதித்து, கல் பொறுக்கிய மண் அது. வழக்கப்படி ஜூன் 12இல் மேட்டூர் திறந்து வாய்க்காலில் தண்ணீர் வந்துவிட்டால் குளங்கள் நிறையும். அதற்குப் பிறகு நல்ல மண்ணுக்கு அடுத்த கோடைதான்.

இந்த வழியின் மறைந்த செலவை நான் தெரிந்துகொண்டது ஓர் ஆனி மாதத்தில். அறுபது தவளைகள் செய்திருந்தேன். கண் பிதுங்கி, வாயில் வெற்றிலை மடித்த தவளைகள். சூளையிலிருந்து குறையில்லாமல் வந்தன. பெயின்ட் அடித்து அடுக்கி வைத்தேன். ஒன்பதாம் நாள் காலை ஒரு தவளையின் கன்னத்திலிருந்து மொச்சைக்கொட்டை அளவுக்குச் சில்லு தெறித்து விழுந்திருந்தது. குழியின் நடுவே ஒரு வெள்ளைப் புள்ளி. நகத்தால் சுரண்டினால் மாவாக உதிர்ந்தது. மாலைக்குள் இன்னும் நான்கு. மாதம் முடிவதற்குள் இருபத்திரண்டு தவளைகள் போய்விட்டன. மண் கொடுத்த பெரியவரிடம் காட்டியபோது அவர் குழியைப் பார்த்த உடனே, "நத்தை அம்மா. பானைக்கு இருக்கிற கனத்துக்கு இது தெரியாது. உன் பொம்மை மெலிது" என்றார்.

வயல் நத்தையின் ஓடு மண்ணில் பொடிப்பொடியாகக் கலந்திருக்கும். சூளையில் அது சுட்ட சுண்ணாம்பாக மாறும். பிறகு காற்றிலுள்ள ஈரத்தைக் குடித்து மெல்ல மெல்லப் பருக்கும்; பருத்து, தன் மேலிருக்கும் மண்ணைத் தள்ளிவிடும். அன்றிலிருந்து மண்ணைக் கூழாகக் கரைத்து மெல்லிய சல்லடையில் வடிகட்டாமல் நான் பொம்மைக்குத் தொடுவதில்லை. வடிகட்டிய கூழ் மறுபடி மண்ணாக இறுக வெயிலில் நாலைந்து நாள் ஆகும். அந்த நாட்களும் செலவுதான். கடலோரத்து மண்ணில் வேறொரு தொல்லை: காயும்போது உப்பு மேலே ஏறி வெள்ளைப் பூஞ்சை போலப் படியும், அதன்மேல் பெயின்ட் ஒட்டாது. நாகை, வேதாரண்யம் பக்கம் இருப்பவர்கள் கடலிலிருந்து தள்ளியுள்ள ஊர்களில் மண் வாங்குவது நல்லது.

பெயின்ட்டைப் பொறுத்தவரை, அந்தக் காலத்தில் வெள்ளைப் பூச்சின்மேல் வஜ்ஜிரப் பசையில் குழைத்த பொடி வண்ணம். இப்போது எல்லோரும் அக்ரிலிக். அக்ரிலிக் நல்லது, நீரில் கரையும், மணம் இல்லை. ஆனால் கண்ணைப் பறிக்கும் ஒளிர் ஆரஞ்சு, ஒளிர் இளஞ்சிவப்பு இரண்டும் வெயிலில் மிக விரைவாக வெளுக்கும். சன்னலுக்கான பொம்மையில் அவற்றைத் தொடவே வேண்டாம். இரும்பு ஆக்சைடு காவியும் மஞ்சளும் பல்லாண்டு நிற்கும். பழைய எனாமல் டப்பாக்களைத் தூக்கி எறியுங்கள். வீட்டு உபயோக, அலங்கார பெயின்ட்டில் ஈயம் பத்து லட்சத்தில் 90 பங்குக்கு மேல் இருக்கக்கூடாது என்ற விதி 2017 நவம்பர் 1 முதல் நடைமுறையில் இருக்கிறது. அதற்கு முந்தைய சரக்கில், குறிப்பாக மஞ்சளிலும் சிவப்பிலும், என்ன இருந்ததோ தெரியாது. பொம்மையை முதலில் வாயில் வைப்பது குழந்தைதான்.

இன்னொன்றும் இருக்கிறது. வெந்த மண் நீரை உறிஞ்சும். ஈரத்தரையில் வைத்தால் அடியிலிருந்து ஈரம் ஏறி, பெயின்ட்டைக் கொப்புளம் கொப்புளமாகத் தூக்கும். அக்ரிலிக் பூசிய பொம்மையைச் செய்தித்தாளில் சுற்றிப் புழுக்கத்தில் லாரியில் அனுப்பினால் எழுத்துகள் பொம்மையில் ஒட்டிக்கொள்ளும். சென்னைக்கு நான் அனுப்பிய ஒரு பெட்டியில் எருமையின் வயிற்றில் வரிவிளம்பரம் தலைகீழாகப் பதிந்து போயிருந்தது. இப்போது முதலில் மல் துணி, அதன்மேல் வைக்கோல்.

யாருக்கு ஏற்றது: கொலுவுக்குச் செய்கிறவர்கள், கையில் பணம் குறைவாக உள்ளவர்கள், முகபாவமும் நுண்ணிய கோடுகளும் முக்கியம் என்று நினைப்பவர்கள். தூரிகையால் புருவம் வரைய முடிவது இந்த வழியில்தான். உருகும் கிளேஸ் அந்தக் கோட்டைச் சற்றாவது கரைக்கும்.

## இரண்டாவது வழி: தாழ்சூட்டுக் கிளேஸ்

கிளேஸ் என்பது மண்ணின்மேல் உருகி ஒட்டுகிற கண்ணாடி. முதல் சூட்டில் பொம்மையை 950 டிகிரியை ஒட்டிச் சுட்டு, கிளேஸ் கரைசலில் முக்கியோ பூசியோ காயவைத்து, இரண்டாம் முறை 1,000 முதல் 1,100 டிகிரிக்குள் சுடுகிறோம். என் மனம் அதிகம் ஒட்டிக்கொண்டிருப்பது இந்த வழியில்தான், அதை மறைக்கவில்லை. வண்ணப் பொம்மைக்கு இவ்வளவு பொருத்தமான சூடு வேறில்லை. மஞ்சள் மஞ்சளாகவே வரும். பச்சை, வாழைக்குருத்துப் பச்சையாக வரும். காட்மியச் சிவப்பைச் சிர்க்கோனிய உறைக்குள் பொதிந்து விற்கும் நிறமிகள் இந்தச் சூட்டில் அடங்கி நின்று அந்தத் தக்காளிச் சிவப்பைத் தருகின்றன. அவற்றை அம்மியிலோ அரவை உருளையிலோ இட்டு அரைக்கக் கூடாது. உறை உடைந்தால் நிறமும் போகும், காட்மியமும் வெளியே வரும்.

நம் செம்மண்ணின்மேல் நேராகக் கிளேஸ் போட்டால் எல்லா நிறமும் புழுதி படிந்தது போல மங்கும். அதனால் முதலில் ஒரு வெள்ளைக் களிப் பூச்சு வேண்டும். நெய்வேலிச் சுரங்கத்தில் நிலக்கரிக்கு மேலே இருந்து வரும் வெளிர் களியும் கேரளத்துச் சீனக்களியும் இதற்கு உதவும். பூச்சைப் பச்சை மண் முழுதும் காய்வதற்கு முன், கட்டைவிரலால் அழுத்தினால் லேசாகப் பதிகிற பதத்தில் பூச வேண்டும். உலர்ந்த பிறகு பூசினால் இரண்டும் வேறு வேறு அளவில் சுருங்கி, பூச்சு செதில் செதிலாக உரியும்.

மின்சூளை இந்த வழியின் முதுகெலும்பு. சிறியதே லட்ச ரூபாயை ஒட்டி நிற்கும், பெரியது அதைத் தாண்டும். மின்கட்டணத்தைப் பற்றித்தான் எல்லோரும் அஞ்சுகிறார்கள். கணக்குப் போட்டுப் பாருங்கள். 6 கிலோவாட் சூளை 8 மணி நேரம் ஓடினால் உச்சமாக 48 யூனிட். நடுநடுவே அணைந்து எரிவதால் உண்மையில் அதற்கும் குறைவு. இரண்டு சூட்டுக்கும் சேர்த்து 96 யூனிட் என்றே வைத்துக்கொள்வோம். ஒரு சுமையில் 40 சிறு பொம்மைகள் ஏறினால், பொம்மைக்கு இரண்டரை யூனிட்டுக்கும் குறைவு. பயப்பட வேண்டியது இதற்கு அல்ல. மும்முனை இணைப்புக்கும் தனிக் கம்பிக்கும் ஆகும் செலவுக்கும், சூளைக்குள் தேயும் கம்பிச்சுருள்களுக்கும்தான். வயல் வைத்திருப்பவர்கள் சிலர் பம்புசெட் இணைப்பிலிருந்து எடுத்துக்கொள்ளலாமா என்று கேட்டார்கள். கூடாது. அது பாசனத்துக்கென்று கொடுத்த இலவச மின்சாரம். வேறெதற்குத் திருப்பினாலும் குற்றம்.

மாதாந்திரப் பராமரிப்பு மின்தடை அறிவிப்பைப் பார்க்காமல் சூளை ஏற்றாதீர்கள். என் சூளைப் பலகையின் பக்கத்தில் அந்தச் செய்தித்தாள் துண்டை ஒட்டி வைப்பதை வழக்கமாக்கிக்கொண்டேன். பாதிச் சூட்டில் நின்றுபோன சுமையை மறுபடி ஏற்றலாம், ஆனால் கிளேஸ் எங்கே திரளும், எங்கே வழியும் என்பது அதன்பிறகு உங்கள் கையில் இல்லை.

பொறுமை இன்னொரு செலவு. 573 டிகிரியில் மண்ணுக்குள் இருக்கும் படிகக்கல் திடீரென்று தன் கன அளவை மாற்றிக்கொள்ளும். ஏறும்போதும் இறங்கும்போதும் அந்த இடத்தை மெதுவாகக் கடக்காவிட்டால் பொம்மை பிளக்கும். 100 டிகிரிக்குக் கீழே வரும்வரை மூடியைத் திறப்பதில்லை என்று எனக்கு நானே விதி வைத்திருக்கிறேன். ஒருமுறை ஆசைப்பட்டு முன்னதாகவே திறந்தேன். எடுத்து மேசையில் வைத்த பொம்மைகளிலிருந்து கண்ணாடி வளையல்கள் உரசுவது போல, கிண் கிண் என்று சத்தம் வரத் தொடங்கியது, இரவெல்லாம் நிற்கவில்லை. காலையில் விளக்கொளியில் பார்த்தால் கிளேஸ் முழுக்க முடி போன்ற விரிசல் வலை. குற்றம் அவசரத்தில் பாதி. மீதி, குளிரும்போது கிளேஸ் மண்ணைவிட அதிகமாகச் சுருங்குவதில். கிளேஸில் சிலிக்காவைச் சிறிது சிறிதாகக் கூட்டி, ஐந்தாறு சோதனைத் துண்டுகளுக்குப் பிறகு அந்தச் சத்தத்தை நிறுத்தினேன்.

உடல்நலத்தைப் பற்றி இங்கே அழுத்திச் சொல்ல வேண்டும். தாழ்சூட்டில் பளபளப்புக்கு ஈயம் சேர்ப்பது உலகெங்கும் நெடுங்காலம் இருந்த பழக்கம். இன்று போராக்ஸ் சார்ந்த, ஈயமில்லாத ஃப்ரிட் (முன்பே உருக்கிப் பொடித்த கண்ணாடித் தூள்) கிடைக்கிறது. வாங்கும்போது ஈயமில்லாதது என்று எழுத்தில் கேட்டு வாங்குங்கள். ஈயமும் மற்ற உலோகங்களும் கசிகின்றனவா என்று ஆய்வகத்தில் சோதனை செய்யாத எந்தக் கிண்ணத்தையும் சாப்பாட்டுக்கு விற்காதீர்கள். உட்புறத்தில் ஒரு சிறு மீன் பொம்மையை ஒட்டிவிட்டால் யாரும் அதில் ஊறுகாய் போட மாட்டார்கள். நான் செய்வது அதைத்தான். பட்டறையை விளக்குமாற்றால் கூட்டாதீர்கள், ஈரத்துணியால் துடையுங்கள். கிளேஸ் தூளில் இருக்கும் சிலிக்கா நுரையீரலுக்குள் போனால் திரும்பி வராது.

யாருக்கு ஏற்றது: நிறமே தன் மொழி என்று நினைக்கும் கலைஞர்களுக்கு, ஆண்டு முழுவதும் விற்க நினைப்பவர்களுக்கு, மழைக்காலத்திலும் கை நிற்கக் கூடாதவர்களுக்கு. சூளையின் மேல் மிஞ்சும் இளஞ்சூட்டில் அடுத்த சுமையைக் காயவைக்கலாம் என்பது கார்த்திகையில் பெரிய வரம்.

## மூன்றாவது வழி: பெருஞ்சூட்டு ஸ்டோன்வேர்

நம் பக்கத்தில் ஸ்டோன்வேர் என்றாலே புதுச்சேரிதான் நினைவுக்கு வரும். 1971இல் ரே மீக்கரும் டெபோரா ஸ்மித்தும் அங்கே தொடங்கிய கோல்டன் பிரிட்ஜ் பாட்டரியில் பயின்றவர்கள் நாடெங்கும் இருக்கிறார்கள். அந்தப் பாத்திரங்களைக் கையில் எடுத்தால் கல்லின் கனமும் அமைதியும் தெரியும். அந்த அழகில் மயங்கியே பலர் இந்த வழிக்கு வர நினைக்கிறார்கள். மயங்குவதில் தவறில்லை. அந்த அழகு உங்கள் பொம்மைக்குரிய அழகா என்பதை மட்டும் கேட்டுக்கொள்ளுங்கள்.

1,220 முதல் 1,300 டிகிரி வரை செல்லும் சூடு இது. மண் கண்ணாடியாகி இறுகும், நீர் உறிஞ்சாது. தட்டினால் வெண்கலம் போல ஒலிக்கும். எரிவாயுச் சூளையில் காற்றைக் குறைத்து எரித்தால் செம்பு பச்சையை விட்டு இரத்தச் சிவப்பாக மாறும், இரும்பு நீலம் கலந்த பச்சையாக மாறும். ஆனால் அந்தச் செம்புச் சிவப்பு தூரிகைக்கு அடங்காது. குடையில் மட்டும் வா என்றால் வராது. என் கொக்கின் குடைக்கு இரும்பைத்தான் பயன்படுத்த முடிந்தது. அதனால்தான் தாழ்ப்பாள் நிறம்.

மின்சூளையிலும் 1,220 வரை ஏற்றலாம், அங்கே நிறங்கள் இன்னும் கொஞ்சம் தெளிவாக நிற்கும். அதிலும் ஒரு பாடம் கற்றேன். குரோமியப் பச்சை பூசிய ஒரு கிளியை, வெள்ளீயம் கலந்த வெள்ளைக் கிளேஸ் போட்ட கொக்குக்குப் பக்கத்தில் வைத்துவிட்டேன். திறந்தபோது கிளியைப் பார்த்திருந்த பக்கம் மட்டும் கொக்கு ரோஜா நிறமாக இருந்தது. குரோமியம் ஆவியாகிப் பறந்து வெள்ளீயத்தோடு சேர்ந்தால் அந்த நிறம்தான் வரும். அந்தக் கொக்கை நான் விற்கவில்லை. அவ்வளவு அழகாக இருந்தது. ஆனால் பன்னிரண்டு கொக்குகள் கேட்டவருக்கு அதைக் காட்ட முடியாது.

நம் மண்ணால் செய்த சிறு அகலொன்றை இந்தச் சூட்டில் வைத்துப் பார்த்தேன். வெல்லப்பாகாகச் சூளைத் தட்டில் படிந்தது. அதே மண்ணைக் கூழாக்கி ஸ்டோன்வேர் மண்ணின்மேல் பூசினேன். கரும்பழுப்பாக, பலாக்கொட்டைத் தோலின் மினுமினுப்போடு அருமையான கிளேஸ் ஆனது. வயல்மண்ணே கிளேஸாகும் அந்த ஒன்றுக்காக இந்த வழியை நான் முற்றாக விட்டுவிடவில்லை.

செலவு எல்லாப் பக்கமும் கூடும். மண் வெளியிலிருந்து மூட்டையில் வர வேண்டும், லாரி வாடகை மண்ணின் விலையைத் தொடும். எரிவாயுச் சூளைக்கு 19 கிலோ வணிக சிலிண்டர்கள் இரண்டு மூன்றை ஒன்றாக இணைக்க வேண்டும். ஒன்றிலிருந்தே வேகமாக இழுத்தால் சிலிண்டர் குளிர்ந்து அழுத்தம் விழும். கிளேஸ் வழிந்தால் விலையுயர்ந்த தட்டும் சேர்ந்து போகும். அலுமினாவும் சீனக்களியும் கலந்து தட்டில் பூசிக்கொள்வது காப்பு. பொம்மை கனமாக இருப்பதால் அனுப்பும் செலவும் கூடும்.

இதற்குச் சொல்லப்படும் பெரிய சிறப்பு, வெளியில் வைத்தால் உடையாது என்பது. பனி உறைந்து மண்ணைப் பிளக்கும் குளிர்நாடுகளில் அது உயிர்நாடி. தஞ்சாவூரில் பனி உறைவதில்லை. நம் ஊர் எல்லைகளில் ஐயனாரின் சுடுமண் குதிரைகள் தாழ்சூட்டில் வெந்தவைதான். திறந்தவெளியில் ஆண்டுக்கணக்கில் நிற்கின்றன. நமக்கு எதிரி பாசிதான். ஸ்டோன்வேரில் அதைத் துடைத்தால் போய்விடும், சுடுமண்ணில் உள்ளே ஏறும். இந்த வேறுபாட்டுக்கு மட்டும் இத்தனை செலவு தகுமா என்பதை நீங்கள்தான் சொல்ல வேண்டும்.

யாருக்கு ஏற்றது: உண்ணவும் குடிக்கவும் பயன்படும் பொருளில் குறும்பைச் சேர்க்க நினைப்பவர்களுக்கு. கைப்பிடியில் அணில் ஏறுகிற தேநீர்க் கோப்பைக்கு இதுதான் வழி. நீலம், பழுப்பு, சாம்பல், இலைப்பச்சை ஆகியவற்றுக்குள் மனம் நிறைகிறவர்களுக்கும்.

## ஒரே பார்வையில்

| | சுடுமண் + பெயின்ட் | தாழ்சூட்டுக் கிளேஸ் | ஸ்டோன்வேர் |
|---|---|---|---|
| சூடு (டிகிரி செல்சியஸ்) | 700–900 | 1,000–1,100 | 1,220–1,300 |
| சிவப்பு | எந்தச் சிவப்பும் | தக்காளிச் சிவப்பு வரை | துரு நிறம். அடங்காத செம்புச் சிவப்பு |
| நுண்ணிய கோடு | மிக நன்று | ஓரளவு | குறைவு |
| மண் | உள்ளூர் | உள்ளூர் + வெள்ளைப் பூச்சு | வெளியிலிருந்து |
| மழைக்காலத்தில் | சூளை போட முடியாது | முடியும், மின்சாரம் இருந்தால் | முடியும் |
| வெயில், மழை | பெயின்ட் தாங்காது | நிறம் தாங்கும். விரிசலில் நீர் ஏறும் | தாங்கும் |
| சாப்பாட்டுக்கு | கூடாது | சோதனைக்குப் பிறகே | நல்ல கிளேஸ் என்றால் ஆகும் |
| மறைந்த செலவு | நத்தை ஓடு, பூசும் நேரம் | மின் இணைப்பு, சோதனைச் சுடல் | தட்டு, வாடகை, எடை |
| என் கணக்கில் பத்துக்குத் தேறுவது | 8 (மண்ணை வடிகட்டினால் 9) | 7 | 6 |

கடைசி வரி என் நோட்டுப் புத்தகத்திலிருந்து எடுத்தது. உங்கள் கை வேறு, உங்கள் எண்ணும் வேறாக இருக்கும்.

## அடுத்தவர் சூளை

சூளை வாங்காமலே இரண்டாவது, மூன்றாவது வழிகளைச் சோதிக்க முடியும். விருத்தாசலத்தில் பீங்கான் தொழில் நீண்ட காலமாக இருக்கிறது. புதுச்சேரியிலும் ஆரோவில்லிலும் பட்டறைகள் இருக்கின்றன. பேசிப் பார்த்தால் இடம் தருகிறவர்கள் உண்டு. முதல் சூடு முடித்த பொம்மைகளையே கொண்டுசெல்லுங்கள். பச்சைப் பொம்மை பஸ்ஸில் விருத்தாசலம் போய்ச் சேராது. நான் முயன்றபோது காட்டுமன்னார்கோவிலுக்கு முன்பே கொக்குகள் கழுத்தை இழந்துவிட்டன. உங்கள் கிளேஸ் அவர்கள் தட்டில் வழிந்தால் தட்டின் விலையைக் கொடுத்துவிடுங்கள், அவர்கள் கேட்பதற்கு முன்பே.

## கேட்டவர்களுக்கு

மன்னார்குடி ஆசிரியைக்கு: நீங்கள் அனுப்பிய படங்களில் பொம்மைகளின் முகம்தான் பேசுகிறது. புருவத்தைச் சற்றுத் தூக்கிய அந்தப் பூனைக்கு இரண்டாம் சூடு வேண்டாம், கிளேஸ் அந்தப் புருவத்தைக் கரைத்துவிடும். பெயின்ட்டிலேயே இருங்கள். கோடை விடுமுறையில் வடித்து, ஆனிக்குள் சூளைக்கு அனுப்பி, ஆடி முழுவதும் பூசினால் ஆவணியில் கொலுக் கடைகள் கேட்கும் நேரத்துக்குச் சரக்கு தயாராக இருக்கும். கொலுவில் விற்பவர் உங்கள் பொம்மையை அச்சில் வார்த்த பொம்மையின் விலையோடு ஒப்பிடுவார். இறங்காதீர்கள். ஒவ்வொன்றின் அடியிலும் உங்கள் கையெழுத்தைப் பச்சை மண்ணிலேயே கீறிவிடுங்கள்.

மயிலாடுதுறை இளைஞருக்கு: வேலையை விட்டுவிட்டு எரிவாயுச் சூளை கட்டப்போவதாக எழுதியிருக்கிறீர்கள். உங்கள் வரைபடங்களில் ஆரஞ்சு நிறம் இல்லாத பொம்மை ஒன்றுகூட இல்லை. அந்தச் சூளை அந்த ஆரஞ்சை உங்களுக்கு எளிதில் தராது. முதலில் இருபது சோதனைத் துண்டுகளை மூன்று பேரின் சூளைகளில் சுட்டுப் பாருங்கள். வேலை இன்னும் ஆறு மாதம் இருக்கட்டும்.

தஞ்சாவூர்த் தம்பதிக்கு: மாடியில் மும்முனை இணைப்பு ஏற்கெனவே இருக்கிறது என்றால் தயங்காதீர்கள், தாழ்சூட்டு மின்சூளைதான். வாங்குவதற்கு முன் மாடித் தளம் எவ்வளவு எடை தாங்கும் என்று ஒரு பொறியாளரிடம் கேளுங்கள். சூளையைச் சுவரிலிருந்து தள்ளி வையுங்கள், புகைபோக ஒரு சன்னல் விடுங்கள், துணி காயப்போடும் கொடியை வேறு பக்கம் மாற்றுங்கள். முதல் ஆண்டு ஐந்து நிறங்களுக்கு மேல் வைத்துக்கொள்ளாதீர்கள். ஒவ்வொரு நிறத்தையும் மூன்று கனத்தில் பூசி, அகலத்தில் தீப்பெட்டி அளவுள்ள துண்டுகளாகச் சுட்டு, பின்னால் தேதியும் சூடும் எழுதி, கயிற்றில் கோத்துச் சுவரில் மாட்டுங்கள். என்னிடம் அப்படி ஒரு கயிறு இருக்கிறது. அதில் சிவப்பு மட்டும் நாற்பத்தொரு துண்டுகள். குடைக்கு எடுத்தது முப்பத்தெட்டாவது.